ஐரோப்பிய ஒன்றியத்தில் அடுத்து யார்? தேர்வும் கையெழுத்தும்

கேட்கப்பட்டது இது: ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக எந்த நாடுகள் சேரும், எப்போது? உக்ரைன் 2030-க்குள் வந்துவிடுமா? பால்கன் நாடுகள் இருபது வருடத்துக்கு மேல் வாசலிலேயே நிற்பது ஏன்?

கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாண்டினீக்ரோவுக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அடுத்து அல்பேனியா, கொஞ்சம் இழுபறியோடு. மால்டோவாவும் உக்ரைனும் வேலையை ஒழுங்காகச் செய்தாலும் தேதியை முடிவு செய்யப்போவது அவர்கள் இல்லை. செர்பியா, வடக்கு மாசிடோனியா, போஸ்னியா, கொசோவோ ஆகிய நான்கும் இந்தப் பத்தாண்டுக்குள் வருவது கடினம். ஜார்ஜியா தானாகவே விலகி நிற்கிறது. துருக்கியின் கோப்பை யாரும் மூடவில்லை; யாரும் தொடுவதும் இல்லை.

செய்தி படிப்பவர்கள் பெரும்பாலும் "அந்த நாடு தயாராகிவிட்டதா?" என்று மட்டுமே பார்க்கிறார்கள். அது பாதிக் கேள்வி. 1976-ல் கிரீஸ் இன்னும் தயாராகவில்லை, இடைக்காலம் ஒன்று தேவை என்றுதான் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கருத்து சொன்னது. உறுப்பு நாடுகளின் அரசுகள் அதை ஒதுக்கிவிட்டுப் பேச்சைத் தொடங்கின. 1981-ல் கிரீஸ் உறுப்பினராகிவிட்டது. இதற்கு நேர்மாறாக வடக்கு மாசிடோனியா 2005-லேயே வேட்பாளர் தகுதி பெற்றது, சொன்னதையெல்லாம் செய்தது, நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டது, இன்றும் வெளியேதான் நிற்கிறது. தேர்வில் தேறுவது ஒன்று, கையெழுத்து விழுவது வேறு. கையெழுத்து எந்தத் தலைநகரில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு அங்கே என்ன விலை கேட்கிறார்கள் என்பதுதான் மீதிப் பாதி.

நடைமுறை எப்படி என்று பார்த்துவிடுவோம். ஒன்றிய ஒப்பந்தத்தின் 49-ஆம் பிரிவுப்படி விண்ணப்பிக்கிற நாடு ஐரோப்பிய நாடாக இருக்க வேண்டும். 1987-ல் மொராக்கோவின் விண்ணப்பம் அதனால்தான் தள்ளுபடியானது. அடுத்து 1993-ல் கோபன்ஹேகனில் வகுத்த அளவுகோல்கள்: நிலையான ஜனநாயகமும் சட்டத்தின் ஆட்சியும், போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரம், ஒன்றியத்தின் சட்டத் தொகுதி முழுவதையும் ஏற்று நடத்தும் திறன். அதே தீர்மானத்தில் நான்காவதாக ஒரு வரி உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: புதியவர்களை உள்வாங்கிக்கொள்ளும் திறன் ஒன்றியத்துக்கும் இருக்க வேண்டும். "நீங்கள் தயார், நாங்கள் தயாரில்லை" என்று சொல்ல அந்த வரி போதும்.

சட்டத் தொகுதியை 35 அத்தியாயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 2020-ல் கொண்டுவந்த முறைப்படி அவற்றில் 33 அத்தியாயங்கள் ஆறு தொகுப்புகளுக்குள் வருகின்றன. முதலில் திறந்து கடைசியில் மூட வேண்டியது "அடிப்படைகள்" தொகுப்பு: நீதித்துறை, உள்துறை, பொதுக் கொள்முதல், புள்ளிவிவரம், நிதிக் கட்டுப்பாடு எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் மூட நிபந்தனைகள் உண்டு. நீதித்துறை, உள்துறை பற்றிய 23, 24-ஆம் அத்தியாயங்களுக்கு இடைக்கால நிபந்தனைகளும் சேர்ந்துகொள்ளும். அவற்றைத் தாண்டாமல் வேறு எந்த அத்தியாயத்தையும் தற்காலிகமாகக்கூட மூட முடியாது. இவ்வளவு கண்டிப்பு ஏன் வந்தது? 2007-ல் பல்கேரியாவையும் ருமேனியாவையும் நீதித்துறைச் சீர்திருத்தம் முடியாமலேயே சேர்த்துக்கொண்டு, "உள்ளே வந்தபின் கண்காணிப்போம்" என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கண்காணிப்பை முறைப்படி முடித்துவைக்க 2023 ஆகிவிட்டது. உள்ளே வந்தவரிடம் பிடி இருக்காது என்பதை ஹங்கேரி இன்னும் அழுத்தமாகக் காட்டிவிட்டது. 7-ஆம் பிரிவின்படி ஒரு நாட்டின் வாக்குரிமையை நிறுத்திவைக்க வேண்டுமானால், அங்கே ஒன்றியத்தின் அடிப்படை விழுமியங்கள் கடுமையாக மீறப்படுகின்றன என்று முதலில் மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாகத் தீர்மானிக்க வேண்டும். அந்த நாட்டுக்கு நண்பர் ஒருவர் இருந்தால் போதும், ஒன்றும் நடக்காது.

இனி கையெழுத்துகளை எண்ணுவோம். வேட்பாளர் தகுதி, பேச்சு தொடங்கும் முடிவு, பேச்சுவார்த்தைச் சட்டகம், ஆறு தொகுப்புகளைத் திறப்பது, 33 அத்தியாயங்களை ஒவ்வொன்றாக மூடுவது, கடைசியில் சேர்க்கை ஒப்பந்தம். நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் 27 நாடுகளும் ஒருமனதாகத் தலையாட்ட வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் திறக்கவும் தனித்தனியே ஒப்புதல் வேண்டும் என்றிருந்த பழைய முறையில் எண்ணிக்கை எழுபதை நெருங்கியது. ஒரே நாடு மறுத்து எல்லாவற்றையும் நிறுத்தும் இந்த வீட்டோ புதிய நோயும் அல்ல. பிரிட்டனை 1963-லும் 1967-லும் பிரெஞ்சு அதிபர் டி கால் தடுத்தார். பிரான் வளைகுடா எல்லைத் தகராறுக்காகக் குரோஷியாவின் பேச்சை ஸ்லோவேனியா 2008 இறுதி முதல் பல மாதங்கள் முடக்கியது. தனக்கும் பக்கத்து நாட்டுக்கும் உள்ள பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள, பக்கத்து நாடு வாசலில் நிற்கும் நேரத்தைவிடத் தோதான நேரம் கிடைக்காது அல்லவா?

வடக்கு மாசிடோனியாவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். "மாசிடோனியா" என்ற பெயருக்குக் கிரீஸ் எதிர்ப்பு. 2018 ஜூனில் கிரீஸோடு பிரெஸ்பா உடன்பாடு ஏற்பட்டு, 2019 பிப்ரவரியில் பெயர் மாறியது. அதே ஆண்டு அக்டோபரில், விரிவாக்க முறையே சரியில்லை என்று பிரான்ஸ் மறித்தது. முறையைத் திருத்தினார்கள். 2020 நவம்பரில் பல்கேரியா வந்தது. மொழி, வரலாறு, சிறுபான்மையினர் என்று அதன் பட்டியல் நீளம். 2022 ஜூலையில் பிரான்ஸ் முன்வைத்த சமரசப்படி, வடக்கு மாசிடோனியா தன் அரசியலமைப்பில் பல்கேரியர்களைப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். 2021 கணக்கெடுப்பில் தம்மைப் பல்கேரியர் என்று பதிந்தவர்கள் 3,504 பேர். திருத்தத்துக்கு 120 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 80 வாக்கு வேண்டும். அந்த 80 கிடைக்கவே இல்லை. 2024-ல் ஆட்சிக்கு வந்த விஎம்ஆர்ஓ-டிபிஎம்என்இ கட்சி, இதே நிபந்தனையை எதிர்த்துத்தான் வாக்கு கேட்டது. விட்டுக்கொடுத்த ஒவ்வொரு முறையும் அடுத்த நாடு புது நிபந்தனையோடு வந்தது, இதற்குப் பிறகும் விட்டுக்கொடுக்கச் சொன்னால் எப்படி என்பது அந்நாட்டுத் தலைநகர் ஸ்கோப்யேயில் கேட்கும் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. சேர்ந்தே நகர்ந்துகொண்டிருந்த அல்பேனியாவை 2024-ல் பிரித்துத் தனியாக முன்னே அனுப்பிவிட்டார்கள்.

அல்பேனியா அந்த வாய்ப்பை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 2024 அக்டோபரில் முதல் தொகுப்பைத் திறந்தது. 2025 நவம்பருக்குள் ஆறையும் திறந்து முடித்துவிட்டது. 2027-ல் பேச்சை முடிப்பது, 2030-ல் சேர்வது என்பது அதன் இலக்கு. திறப்பதில் காட்டிய வேகம் மூடுவதிலும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. திறக்க, திட்டம் காட்டினால் போதும். மூட, சட்டம் நடைமுறைக்கு வந்ததற்குச் சான்று வேண்டும்: விசாரணைகள், தீர்ப்புகள், பறிமுதல்கள், பணியில் இருக்கும் ஆய்வாளர்கள். அல்பேனியாவுக்கு ஒரு பலம் இருக்கிறது. 2016 முதல் நீதிபதிகளையும் வழக்குரைஞர்களையும் சொத்துக் கணக்கு முதற்கொண்டு சலித்தெடுத்தார்கள்; ஸ்பாக் என்ற ஊழல் தடுப்பு அமைப்பு உயர்மட்டத் தலைவர்கள்மீதே வழக்குத் தொடுக்கிறது. அந்த அமைப்பின் கையைக் கட்டாமல் விடுவார்களா என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது.

மாண்டினீக்ரோவில் மக்கள்தொகை 6 லட்சத்துக்குச் சற்று மேல். 2012-ல் பேச்சைத் தொடங்கியது. 2020-க்குள் 33 அத்தியாயங்களையும் திறந்துவிட்டது. பிறகு உள்நாட்டு அரசியல் குழப்பத்தில் அப்படியே நின்றது. 2024 ஜூனில் சட்டத்தின் ஆட்சி பற்றிய இடைக்கால நிபந்தனைகளை நிறைவேற்றியதாக ஒப்புதல் கிடைத்ததும் கதவு திறந்தது. 2025 டிசம்பர்வரை மூடப்பட்ட அத்தியாயங்கள் மொத்தம் 12. 2026-க்குள் எல்லாவற்றையும் முடித்து 2028-ல் உறுப்பினராவது திட்டம். நேட்டோவில் ஏற்கெனவே இருக்கிறது, வெளியுறவில் ஒன்றியத்தின் நிலைப்பாட்டோடு முழுமையாக ஒத்துப்போகிறது, யூரோவைத் தானாகவே நாணயமாக வைத்திருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், அதைச் சேர்ப்பதால் யாருடைய பாக்கெட்டும் காலியாகாது. 2013 குரோஷியாவுக்குப் பிறகு ஒரு நாடும் சேரவில்லை. கொள்கை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று காட்ட ஒன்றியத்துக்கும் ஒரு வெற்றி தேவை. மாண்டினீக்ரோ அதற்கு மலிவான வழி.

ஒரு அத்தியாயத்தை மூடுவது என்றால் என்ன என்பதற்கு இரண்டு உதாரணம். ஆற்றல் பற்றிய 15-ஆம் அத்தியாயத்தில், 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான எண்ணெய் இருப்பு வைக்க வேண்டும் என்கிறது விதி. சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றிவிடலாம். தொட்டிகள் கட்டவும், எண்ணெய் வாங்கி நிரப்பவும், சுழற்சியில் மாற்றவும், செலவை விலையில் ஏற்றுவதா வரியில் ஏற்றுவதா என்று முடிவு செய்யவும் ஆண்டுகள் ஆகும். போட்டிக் கொள்கை பற்றிய 8-ஆம் அத்தியாயம் குரோஷியாவை இன்னும் கடுமையாகப் பிடித்தது. நட்டத்தில் ஓடிய கப்பல் கட்டும் தளங்களை அரசு மானியம் கொடுத்துக் காப்பாற்றிவந்தது. அந்த மானியம் ஒன்றிய விதிக்கு முரண். தளங்களை மறுசீரமைக்கவோ விற்கவோ வேண்டும், ஆயிரக்கணக்கானோரின் வேலை அதில் தொங்கியது. நீதித்துறை அத்தியாயத்தோடு சேர்ந்து இது 2011 ஜூன் கடைசி நாள்வரை மூடப்படாமல் நின்றது. மொழிபெயர்ப்பதும் சட்டம் இயற்றுவதும் சுலபம். யாருக்கோ போய்க்கொண்டிருக்கும் பணத்தை நிறுத்துவதில்தான் பேச்சுவார்த்தைகள் சிக்குகின்றன.

செர்பியா ஒரு காலத்தில் முன்வரிசையில் இருந்தது. 2014-ல் தொடங்கி 22 அத்தியாயங்களைத் திறந்தது. மூடியது இரண்டே இரண்டு. ரஷ்யாமீது தடை விதிக்க மறுக்கிறது. கொசோவோவுடனான உறவைச் சீர்செய்வதும் 35-ஆம் அத்தியாயத்தின் கீழ் அதன் கடமை. 2024 நவம்பரில் நோவி சாட் ரயில் நிலையக் கூரை இடிந்து 16 பேர் இறந்ததிலிருந்து, கட்டுமான ஊழலுக்கு எதிரான போராட்டம் நாடு முழுவதும் பரவியது. கொசோவோவின் சிக்கலோ அடிப்படையிலேயே இருக்கிறது: ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஐந்தும் அதை நாடாகவே ஏற்கவில்லை, 2022-ல் கொடுத்த விண்ணப்பத்தை, உறுப்பு நாட்டு அரசுகள் அமரும் கவுன்சில் ஆணையத்தின் கருத்துக்குக்கூட அனுப்பவில்லை. போஸ்னியாவில் அதிபர் குழுவுக்குப் போட்டியிட போஸ்னியாக், குரோட், செர்பிய இனத்தவருக்கே உரிமை. யூதரும் ரோமா மக்களும் நிற்க முடியாது. இது தவறு என்று ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் 2009-லேயே தீர்ப்பளித்தது. அரசியலமைப்பு இன்னும் மாறவில்லை. துருக்கி 2005-ல் பேச்சைத் தொடங்கி 16 அத்தியாயங்களைத் திறந்து ஒன்றை மூடியது. 2018 முதல் எல்லாம் நின்றுவிட்டது. ஜார்ஜியாவின் அரசு 2028 இறுதிவரை பேச்சு வேண்டாம் என்று 2024 நவம்பரில் தானே அறிவித்தது. ஐஸ்லாந்து மட்டும் வேறு ரகம்: ஐரோப்பியப் பொருளாதார வட்டத்தில் இருப்பதால் பாதிச் சட்டம் ஏற்கெனவே அமலில் உண்டு. 2024 இறுதியில் அமைந்த கூட்டணி அரசு, பேச்சை மீண்டும் தொடங்கலாமா என்று 2027-க்குள் வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொன்னது. மக்கள் ஒப்பினால் வரிசையில் பலரை முந்திவிடும். மீன்பிடி உரிமைதான் தடையாக வரும்.

உக்ரைனுக்கு வருவோம். ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய ஐந்தாம் நாள், 2022 பிப்ரவரி 28 அன்று விண்ணப்பித்தது. நான்கே மாதத்தில் வேட்பாளர் தகுதி கிடைத்தது. 2023 டிசம்பரில் பேச்சு தொடங்கும் முடிவை எடுத்தபோது அன்றைய ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் அறையைவிட்டு வெளியே போய் நிற்க, மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். அந்தத் தந்திரம் ஒருமுறைதான் பலித்தது. 2025 முழுவதும் முதல் தொகுப்பைத் திறக்கவே ஹங்கேரி விடவில்லை. உக்ரைனோடு சேர்த்துக் கட்டப்பட்ட மால்டோவாவும் அதனால் காத்திருந்தது. இதை ஓர்பான் ஒருவரின் பிடிவாதமாக மட்டும் பார்ப்பதும் தவறு. அவருக்கு எதிராக எழுந்த டிசா கட்சியும் உக்ரைனை அவசரமாகச் சேர்ப்பதை ஆதரிக்கவில்லை, மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்றது. உக்ரைன் சட்டங்களை ஒன்றியச் சட்டங்களோடு ஒப்பிடும் வேலை 2025 செப்டம்பரில் முடிந்துவிட்டது; முறைப்படி திறக்காமலேயே அதிகாரிகள் மட்டத்தில் வேலை நகர்ந்தது. உள்ளூர்ப் பிசகுகளும் இல்லாமல் இல்லை. 2025 ஜூலை 22 அன்று ஊழல் தடுப்பு அமைப்புகளைத் தலைமை வழக்குரைஞரின் கீழ் கொண்டுவரும் சட்டத்தை உக்ரைன் நாடாளுமன்றம் நிறைவேற்றியது; தெருவில் போராட்டம், பிரஸ்ஸல்ஸிலிருந்து எச்சரிக்கை; 31-ஆம் தேதி திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிரதேசத்தின் ஒரு பகுதி அந்நியர் பிடியில் இருக்கும்போது சேர முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியும், முன்னுதாரணமும் இருக்கிறது. சைப்ரஸ் 2004-ல் பிரிந்த நிலையிலேயே சேர்ந்தது. அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத வடபகுதியில் ஒன்றியச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா பகுதிக்கு இதே வழி பொருந்தலாம். ஆனால் சைப்ரஸில் பீரங்கி ஓய்ந்து முப்பது ஆண்டாகியிருந்தது. போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டைச் சேர்த்தால் 42-ஆம் பிரிவின் ஏழாம் உட்பிரிவு, அதாவது தாக்கப்பட்ட உறுப்பினருக்கு மற்றவர்கள் உதவ வேண்டும் என்ற கடமை, முதல் நாளே எழுந்துவரும்.

பணம் பற்றிய பயம் பாதி உண்மை, பாதி மிகைப்படுத்தல். ஒன்றிய பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேளாண்மைக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி ஹெக்டேர் கணக்கில் கொடுக்கும் மானியம். ஒன்றியத்தில் சராசரிப் பண்ணை சுமார் 17 ஹெக்டேர். உக்ரைனிலோ பல்லாயிரம் ஹெக்டேர் வைத்திருக்கும் நிறுவனங்கள் சர்வசாதாரணம், மொத்த விளைநிலமும் எந்த உறுப்பு நாட்டையும்விட அதிகம். இன்றைய விதியை அப்படியே பொருத்தினால் உக்ரைனுக்கு ஏழு ஆண்டில் சுமார் 18,600 கோடி யூரோ உரிமையாகும் என்று 2023-ல் வெளியே கசிந்த கவுன்சில் செயலக மதிப்பீடு சொன்னது. தலைப்புச் செய்தியில் வராதது என்னவென்றால், இன்றைய விதியை அப்படியே பொருத்தியதே கிடையாது. 2004-ல் சேர்ந்தவர்களுக்கு நேரடி வேளாண் மானியம் 25 விழுக்காட்டில் தொடங்கி 2013-ல்தான் முழு அளவைத் தொட்டது. குரோஷியாவுக்கும் இதே ஏணிதான். தொழிலாளர் நடமாட்டத்துக்கு 2 + 3 + 2 என்று ஏழு ஆண்டுவரை தடை போட முடிந்தது. போலந்து தன் பங்குக்கு விளைநிலத்தை வெளிநாட்டவர் வாங்க 12 ஆண்டு கட்டுப்பாடு பெற்றது. உக்ரைனுக்கு இவற்றைவிட நீளமான இடைக்காலம் வரும் என்று எதிர்பார்க்கலாம். நிரந்தர விலக்கு கேட்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அது இரண்டாம்தர உறுப்பினர் தகுதியாகிவிடும்.

இன்னொரு நுட்பமான விளைவு உண்டு. தனிநபர் உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளுக்குத்தான் வளர்ச்சி நிதியில் பெரும்பங்கு. ஏழை நாடு சேர்ந்தால் சராசரி இறங்கும்; நேற்றுவரை 74-ல் இருந்த ஒரு பகுதி ஒரு யூரோகூடக் கூடுதலாகச் சம்பாதிக்காமலே 76-க்குப் போய் நிதியை இழக்கும். 2004 விரிவாக்கத்துக்குப் பின் இது உண்மையாகவே நடந்தது, அந்தப் பகுதிகளுக்குப் படிப்படியாகக் குறையும் தனி ஒதுக்கீடு தர வேண்டியிருந்தது. விரிவாக்கத்தை மேடையில் ஆதரித்துவிட்டு அத்தியாயம் திறக்கும் நாளில் தயங்கும் அரசுகளின் மனக்கணக்கு இதுதான். 2023-ல் உக்ரைன் தானியத்தை போலந்தும் ஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் தனித்தனியே தடுத்தது அதன் முன்னோட்டம். போலந்து அப்போதும் கீவின் நெருங்கிய நண்பன்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வாக்குகளின் கணக்கும் மாறும். கவுன்சிலில் பெரும்பான்மை முடிவுக்கு 55 விழுக்காடு நாடுகளும் 65 விழுக்காடு மக்கள்தொகையும் வேண்டும். மேற்கு பால்கனின் ஆறு நாடுகளையும் சேர்த்தாலும் மக்கள்தொகை 2 கோடிக்குள்தான். ஆனால் ஒருமனதாக முடிவெடுக்கும் வெளியுறவு, வரி விஷயங்களில் ஆறு புதிய வீட்டோக்கள் முளைக்கும். அதனால்தான் சேர்க்கும் முன் வீட்டோவைக் குறைப்போம் என்கிறார்கள் சிலர். 48-ஆம் பிரிவின் ஏழாம் உட்பிரிவு வழியாக, ஒப்பந்தத்தைத் திருத்தாமலே சில துறைகளைப் பெரும்பான்மை முடிவுக்கு மாற்றலாம். அதைச் செய்யவும் ஒருமனதான ஒப்புதல் வேண்டும். வீட்டோவை நீக்க வீட்டோ வைத்திருப்பவரிடமே கேட்க வேண்டும்.

அதனால் நடப்பில் எழுந்திருக்கும் வழி, உறுப்பினர் ஆவதற்கு முன்பே பலன்களைத் துண்டு துண்டாகத் தருவது. மேற்கு பால்கனுக்கு 2024 முதல் 2027 வரை 600 கோடி யூரோ, சீர்திருத்தத்தை முடித்தால்தான் தவணை. உக்ரைனுக்கு அதே காலத்துக்கு 5,000 கோடி யூரோ. அல்பேனியா, மாண்டினீக்ரோ, வடக்கு மாசிடோனியா, மால்டோவா, செர்பியா ஆகியவற்றை ஒற்றை யூரோ பணப்பரிமாற்ற வட்டத்துக்குள் ஏற்றார்கள். உக்ரைனும் மால்டோவாவும் 2026 ஜனவரி முதல் கட்டணமில்லா ரோமிங்கில் இருக்கின்றன. இவை வீட்டோவைச் சுற்றிப்போகும் பாதைகள், பயனுள்ளவையும்கூட. வாக்குரிமை மட்டும் இவற்றில் எதிலும் வராது.

பேச்சு முடிந்த பிறகும் குறைந்தது ஒன்றரை இரண்டு ஆண்டு ஆகும் என்பதைத் தேதி குறிப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. குரோஷியா 2011 ஜூனில் பேச்சை முடித்தது, டிசம்பரில் கையெழுத்து, 2013 ஜூலையில்தான் உறுப்பினர். அந்த இடைவெளியில் எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். மாண்டினீக்ரோ 2026 கடைசியில் முடித்தாலும் 2028 என்பது இறுக்கமான தேதிதான். நெதர்லாந்தில் 2016-ல் உக்ரைனுடனான வெறும் கூட்டுறவு உடன்பாட்டுக்கே 61 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்தார்கள். வாக்களிக்க வந்தவர்களோ 32 விழுக்காடு. பிரான்ஸில் அரசியலமைப்பின் 88-5 பிரிவு, ஒவ்வொரு புதிய சேர்க்கைக்கும் மக்கள் வாக்கெடுப்பு கேட்கிறது. இரு அவைகளும் ஐந்தில் மூன்று பங்குப் பெரும்பான்மையோடு தீர்மானித்தால் மட்டும் அதை நாடாளுமன்றத்திலேயே முடிக்கலாம். குரோஷியாவுக்கு இந்த விதி பொருந்தவில்லை. முதன்முதலில் இதைச் சந்திக்கப்போவது பெரும்பாலும் மாண்டினீக்ரோதான்; பாரிஸ் அப்போது எந்த வழியை எடுக்கிறது என்பதைப் பார்த்துத்தான் உக்ரைனும் மால்டோவாவும் தங்கள் ஆண்டுக் கணக்கைத் திருத்திப் போட வேண்டியிருக்கும்.